ஒற்றைக் கிட்டாரும் ஒரு வேன் சனமும்

சம்பந்தியம்மா,

நேற்றுக் காலை மாப்பிள்ளை வேதாரண்யத்திலிருந்து வந்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கையிலிருந்த பையின் வாசனை அடுப்படி வரை வந்துவிட்டது. நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும். பாலிதீன் உறைக்குள் போட்டு, மேலே செய்தித்தாள் சுற்றி, அதற்கு மேல் துணிப்பையில் வைத்தும் அடங்காத வாசனை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மன்னார்குடியிலேயே எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாராம். "அம்மா இருந்தா இன்னும் ஒரு பை கட்டிக் குடுத்திருப்பாங்க" என்றார் உங்கள் மகன். நான் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். கொதிக்கக் கொதிக்க எனக்கு அந்தக் கல்யாண மண்டபம்தான் ஞாபகம் வந்தது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். மகனுடைய கல்யாண வரவேற்புக்குப் பட்டுப்புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, ஒரு கையில் கருவாட்டுப் பையோடு வந்து இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே நீங்கள் ஒருத்திதான். "சம்மந்தி வீட்டுக்கு வெறுங்கையோட வருவாங்களா?" என்று கேட்டீர்கள். சந்தனப் பேலாவுக்குப் பக்கத்தில் அந்தப் பையை வைத்தீர்கள். நான் பையையே முறைத்துக்கொண்டிருந்ததில், உங்கள் பின்னால் நீளமான கறுப்புப் பெட்டியோடு நின்ற மனிதரைக் கவனிக்கவில்லை.

அவர் உங்களுக்குக் கிடைத்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். எனக்கு அலுத்ததே இல்லை. நீங்கள் கோடியக்கரைப் பக்கம் சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடற்குழுவுக்குக் கிட்டார் வாசிப்பவர். கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த நாலு விரல்பிடியை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஒப்பேற்றினேன் என்பீர்கள். அவர் பூநாரை பார்க்க வந்தவர். கருவேல முள் விரலில் ஏறி, முகம் வெளிறிப்போய் உங்கள் முன்னால் கையை நீட்டியிருக்கிறார். இவ்வளவு சின்ன முள்ளுக்கு இந்த ஆள் ஏன் இப்படி நடுங்குகிறார் என்று நீங்கள் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தீர்கள். வலது கையில் மட்டும் நகம் வளர்த்து, தேய்த்து, வழவழவென்று வைத்திருந்தார். இடது கை விரல் நுனியெல்லாம் காய்ப்பு.

"சார், நீங்க கிட்டார் வாசிக்கிறவரா?"

அவர் பெயரைச் சொன்னதும் உங்களுக்குக் கையில் இருந்த இடுக்கி நழுவப் பார்த்ததாம். தினமும் படுக்கும் முன் போனில் நீங்கள் கேட்கிற அதே ஆள். பாடுகிறவர் கிடையாது, தபேலா கிடையாது, வயலின் கிடையாது. ஒரு முழு சினிமாப் பாட்டையும் ஒரே கிட்டாரில், வெறும் விரல்களால் வாசிக்கிறவர். பெரிய பெரிய ஊர்களில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கேட்கிறார்களாம். அவரை உட்காரவைத்து முள்ளை எடுத்து, மருந்து போட்டு, "ரெண்டு நாளைக்கு இந்தக் கையால கிட்டாரைத் தொடக் கூடாது, தொட்டீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுபோயிடும்" என்று அதட்டி அனுப்பினீர்கள். அந்த அதட்டல் அவருக்குப் பிடித்துப்போனது. "உங்க வீட்ல விசேஷம்னா சொல்லுங்க சிஸ்டர், வந்து வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மனுஷர் ஒரு பேச்சுக்குச் சொன்னதை நீங்கள் சத்தியமாக எடுத்துக்கொண்டீர்கள்.

கல்யாணம் பேசும்போது, "கச்சேரியை மட்டும் எங்ககிட்ட விட்டுடுங்க சம்மந்தி. கிட்டார் கச்சேரி" என்றீர்கள். எனக்கு அதில் 'கச்சேரி' மட்டும்தான் காதில் விழுந்தது. கச்சேரி என்றால் மேடை நிறைய ஆள். கீபோர்டு, டிரம்ஸ், கோட்டுப் போட்ட பாடகர், ஜிகினாப் புடவையில் பாடகி. அதில் கிட்டாரும் ஒரு மூலையில் நிற்கும், நின்றுவிட்டுப் போகட்டும். அப்படியே என் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் அதை அம்மாப்பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டார். தை மாதம், சம்பா அறுப்பு முடிந்து எல்லாரும் சும்மா இருந்த நேரம். "என் தங்கச்சி மக கல்யாணத்துல பாட்டுக் கச்சேரி, எல்லாரும் வாங்க" என்று ஒரு வேன் நிறைய சனத்தை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

அண்ணனைப் பற்றி உங்களுக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தாய்மாமன் சாப்பிடாமல் எழுந்து போனால் அது அந்தப் பந்தியோடு முடிகிற சமாசாரம் இல்லை. என் அம்மாவின் தம்பி, மாலை மாற்றும்போது தன்னைக் கூப்பிடவில்லை என்று என் பெரியக்கா கல்யாணத்தில் இலையை மடக்காமலே எழுந்து போனார். அதற்குப் பிறகு என் அம்மா சாகும்வரை அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அதே ரத்தம்தான் என் அண்ணனுக்கும். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு தெரிந்தாலே நான் காபி டம்ளரோடு அவர் முன்னால் போய் நின்றுவிடுவேன்.

மண்டபத்துக்காரர் மேடையில் ஏழெட்டு நாற்காலி போட்டு வைத்திருந்தார். உங்கள் ஆள் வந்தார், கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று போதும் என்றார், மீதியை எடுக்கச் சொன்னார். "கீபோர்டெல்லாம் வண்டியில வருதா சார்?" என்று கேட்டார் மண்டபத்துக்காரர். மைக் செட்காரத் தம்பி பாடுகிறவர்களுக்கென்று முன்னால் மூன்று மைக் நட்டுவைத்தான். அவர் சிரித்துக்கொண்டே இரண்டைத் தள்ளி வைத்து, ஒன்றைக் கிட்டாருக்கு நேராகத் தாழ்த்திவிட்டு, காலுக்கு ஒரு சின்ன மணை போட்டு, கிட்டாரை மடியில் வைத்தார். சாம்பல் சட்டை, மூக்குக் கண்ணாடி. போஸ்ட் ஆபீஸில் மணியார்டர் எழுதுகிறவர் என்று சொன்னால் நம்பிவிடலாம்.

வாசிக்க ஆரம்பித்தார்.

ஆரம்பித்தார் என்று எங்களுக்குத்தான் தெரியவில்லை. சுதி சேர்க்கிறார் என்றே மண்டபம் மொத்தமும் நினைத்தது. நானும்தான். பாடகர்கள் வரும்வரை கையைச் சூடு பண்ணிக்கொள்கிறார் போலிருக்கிறது என்று எல்லாரும் தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு முழுப் பாட்டை வாசித்து முடித்தார். யாரும் கை தட்டவில்லை. அடுத்த பாட்டுக்காக ஒரு கம்பியைத் தளர்த்தி நிஜமாகவே சுதி சேர்த்தார். இரண்டுக்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் மட்டும் முதல் வரிசையில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தீர்கள். மகனைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து என் நாத்தனார் உங்களுக்கு ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தாள்.

மூன்றாவது பாட்டில் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம் சுதி பாப்பான் இவன்? பாடுறவங்க எங்க?"

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள். "இவர்தாண்ணே கச்சேரி. வேற யாரும் கிடையாது."

அண்ணன் முகம் மாறியது. ஒரு வேன் சனத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மெதுவான குரலில், அதுதான் மோசமான குரல், "சரி, நல்லாயிருங்க" என்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். தன் ஆட்களைப் பார்த்து, "வண்டிய எடுக்கச் சொல்லுங்கப்பா" என்றார். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். பந்தி இன்னும் போடவில்லை. மகள் மணமேடையில் மாலையோடு நின்று என்னையே பார்க்கிறாள். ஓடிப்போய் அண்ணன் காலில் விழுவதா, அல்லது உங்களைப் பிடித்து நாலு கேள்வி கேட்பதா என்று எனக்குத் தெரியவில்லை. நிஜத்தைச் சொன்னால், அந்த நேரத்தில் உங்களையும் உங்கள் கருவாட்டையும் அந்தக் கறுப்புப் பெட்டியையும் சேர்த்து வெட்டாற்றில் போட்டுவிடலாம் போலிருந்தது.

நீங்கள் எழுந்து போய் அண்ணனுக்கு முன்னால் நின்றீர்கள். ஊசி போடப் பயந்து ஓடுகிற ஆளை மறிக்கிற மாதிரி நின்றீர்கள்.

"அண்ணே, போறதுன்னா போங்க. போறதுக்கு முன்னாடி ஒரு பாட்டு கேளுங்க. உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது, சொல்லுங்க. அவர் வாசிச்சு அது அந்தப் பாட்டு மாதிரி இல்லன்னா நானும் உங்க வேன்ல ஏறி அம்மாப்பேட்டைக்கு வந்துடறேன்."

அண்ணன் லேசுப்பட்டவரா? ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிற பழைய பாட்டு ஒன்றைச் சொன்னார். அவர் கல்யாணமான புதிதில் வீட்டு ரேடியோவில் வரும். அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார். "ரெண்டு பேர் பாடுறது. ஒத்த ஆள் எப்படிப் பாடுறார்னு பாப்போம்" என்று மார்பில் கை கட்டிக்கொண்டு நின்றார்.

நீங்கள் மேடையேறிக் கிட்டார்காரர் காதில் சொன்னீர்கள். அவர் தடித்த கம்பியின் முறுக்காணியைத் திருகினார். "மறுபடியும் சுதி" என்று வேன்காரர்களில் யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். நீங்கள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். "சம்மந்தி, மேல் கம்பியைக் கேக்காதீங்க. முதல்ல கட்டைவிரலைக் கேளுங்க" என்றீர்கள்.

முதலில் உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் கிட்டாரின் மரத்தில் தட்டினார். அந்தப் பாட்டின் தபேலா. சினிமாவில் எப்படி வருமோ அதே நடை, அந்தச் சின்னத் தயக்கம் உட்பட. அதன் மேல் கட்டைவிரல் அடிக்கம்பியில் நடக்க ஆரம்பித்தது. நீங்கள் அதே நடையில் என் மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்தினீர்கள். பிறகு நடுக்கம்பிகளிலிருந்து ஆண் குரல் எழுந்தது. வாத்தியம் என்று எனக்குத் தோன்றவில்லை சம்பந்தியம்மா, குரலேதான். ஒரு சொல்லை இழுத்து, முடிவில் கொஞ்சம் குழைத்து இறக்குவார் பாருங்கள் அந்தப் பாடகர், அந்தக் குழைவைக் கம்பியை விரலால் வளைத்து அப்படியே கொண்டுவந்தார். வார்த்தை இல்லாமலே எனக்கு வார்த்தை கேட்டது. கட்டைவிரல் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. தட்டலும் நிற்கவில்லை. ஒரே ஆள், ஒரே கை, மூன்று பேர் செய்கிற வேலை.

அண்ணன் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. ஆனால் விரல் ஒன்று தன் முழங்கையில் தாளம் போட ஆரம்பித்திருந்தது. நான் பார்த்துவிட்டேன்.

அப்புறம் பெண் குரல். கையை மேலே நகர்த்தி, மெல்லிய கம்பியில், நகத்தின் ஓரத்தால் மீட்டினார். அவ்வளவு நேரம் பாடியவர் நகர்ந்துகொண்டு ஒரு பெண் முன்னால் வந்து நின்று பாடுகிறாள் என்றே நினைத்தேன். குரலின் கனமே வேறு. கொஞ்சம் வெட்கப்பட்டு, கொஞ்சம் குறும்பாக. இடையில் வயலின் வருகிற இடத்தில் கம்பியை அழுத்தாமல் சும்மா தொட்டு விட்டார். சின்ன மணி அடித்த மாதிரி சத்தம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. மண்டபத்தில் பேச்சு அடங்கிப்போயிருந்தது. பந்தி வேலையாட்கள் பாயச வாளியோடு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். மைக் செட் தம்பி, சும்மா இருக்கும்போதெல்லாம் எதையாவது திருகிக்கொண்டேயிருப்பவன், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது சரணத்தில் யாரோ கூடப் பாடுகிற சத்தம் கேட்டது. யாரென்று பார்த்தால் என் அண்ணன். கண்ணை மூடிக்கொண்டு, வேட்டி மடிப்பு அவிழ்ந்து விழுந்ததுகூடத் தெரியாமல். அவர் பாடினால் வேன் சும்மா இருக்குமா? எழுந்தவர்கள் உட்கார்ந்து பாடினார்கள். மண்டபமே பாடியது. நீங்கள் என் காதருகே குனிந்து, "பாடுங்க சம்மந்தி, இந்தச் சத்தத்துல யார் கேக்கப் போறா" என்றீர்கள். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். சின்ன வயதில் பூசையில் சுதி தப்பிப் பாடி, எல்லாரும் திரும்பிப் பார்த்த நாளிலிருந்து நான் வாயைத் திறந்ததில்லை. உங்கள் காதுக்கா தப்பும்? "வெறும் உதடுதான் ஆடுது, சத்தத்தைக் காணோமே" என்றீர்கள்.

முடிந்ததும் முதல் குரல் அண்ணனுடையதுதான். "ஒன்ஸ் மோர்!"

பெரிய வித்துவான்களுக்கு அது பிடிக்காது என்பார்கள். அவர் சிரித்தார். அண்ணனைப் பார்த்து, "நீங்கதானே பாடினீங்க? மேல வாங்க" என்றார். அண்ணன் மாட்டேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு நாலாவது தடவைக்குக் காத்திராமல் ஏறிவிட்டார். இரண்டாம் முறை அவர் அதே மாதிரி வாசிக்கவில்லை. ஆண் பாடுகிற இடம் வந்ததும் கட்டைவிரலையும் தட்டலையும் மட்டும் வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டார். அண்ணன் பாடினார். தாண்டியும் தடுக்கியும் பாடினார். அவர் ஒரு இடத்தில் தாமதித்தபோது கட்டைவிரலும் கூடவே தாமதித்துக் காத்திருந்தது. பெண் குரல் வரும் இடத்தில் கிட்டார் எடுத்துக்கொண்டது. அப்புறம் மறுபடி அண்ணன். என் அண்ணன் இவ்வளவு நல்ல பாட்டுக்காரரா என்று அண்ணியே வாயைப் பிளந்தாள். அவரை அப்படிக் காட்டியது கிட்டார் என்று நீங்கள் எனக்கு அப்புறம்தான் சொன்னீர்கள். "தான் பெரிசா வாசிக்கிறவங்க நிறைய பேர் சம்மந்தி. அடுத்தவனைப் பெரிசாக்கி வாசிக்கிறவர் இவர்தான்."

அன்றைக்கு அண்ணன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முதல் பந்தியில் சாப்பிட்டார். பிரியாணி இரண்டு தடவை. உங்கள் கருவாட்டையும் விடவில்லை. மண்டபத்துச் சமையல்காரரை வறுக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, மீதியை வேனில் ஏற்றிக்கொண்டார். நான் சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்து நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் சாப்பிடுவதை நான் அவ்வளவு நிம்மதியாகப் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகுதான் நாம் சம்பந்திகள் என்பதை மறந்து சிநேகிதிகளானோம். அவர் திருச்சியில் வாசித்தாலும் தஞ்சாவூரில் வாசித்தாலும் நீங்கள் காலையிலேயே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். அவர் எந்தப் பாட்டை எடுத்தாலும் முதல் இரண்டு அடியில் கண்டுபிடிக்க வேண்டும் என்று போட்டி. நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். ஒருமுறை நான் ஜெயித்தபோது இரண்டு நாள் போனில் அதையே பேசினீர்கள், உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். கேட்டு முடித்து வெளியே வரும்போதெல்லாம் உங்கள் முகத்தில் நர்ஸ் உத்தியோகத்தின் களைப்பு ஒன்றும் இருக்காது. எங்கள் களத்தில் உட்கார்ந்து உங்கள் பழைய கிட்டாரில் அவர் வாசித்ததை வாசித்துப் பார்ப்பீர்கள். வராது. வராததற்கு அவ்வளவு சிரிப்பீர்கள். "அவர் கைக்குத் தெரிஞ்சது என் காதுக்குத் தெரியுது. எனக்கு இது போதும்" என்பீர்கள். கடைசியில் கேலி என் பக்கம் திரும்பும். "நீங்க எப்பதான் பாடப் போறீங்க?"

போன வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில், தூக்கத்திலேயே, ஒருவருக்கும் சிரமம் கொடுக்காமல் போய்விட்டீர்கள். உங்கள் கிட்டார்காரர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். உங்கள் மகன் போனில்தான் அவருக்குச் சேதி சொன்னார். அண்ணன் மட்டும் எனக்கு முன்னாலேயே வேதாரண்யத்தில் இருந்தார். அதே வேன், பாதிக்கு மேல் அதே சனம்.

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் செபத்தை முடித்தார். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். எல்லாரும் கலையலாமா வேண்டாமா என்று நின்ற நேரம், அண்ணன் தொண்டையைச் செருமினார். பாட ஆரம்பித்தார். அதே காதல் பாட்டு சம்பந்தியம்மா, கல்லறைத் தோட்டத்தில். சாமியார் நிமிர்ந்து பார்த்தார். வேன்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணன் தன் வரியைத் தடுமாறாமல் முழுசாகப் பாடிவிட்டு நிறுத்தினார். அழுகையால் நிறுத்தவில்லை. அடுத்தது பெண் பாடுகிற வரி. மண்டபத்தில் அந்த இடத்தைக் கிட்டார் எடுத்துக்கொண்டது, அவர் காத்திருந்தார். இப்போதும் அப்படியே காத்திருந்தார்.

யாரும் எடுக்கவில்லை. அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

நான் பாடினேன்.

சுதி எங்கேயோ போனது. பாதி வரியில் குரல் உடைந்து, அடுத்த பாதியில் திரும்பி வந்தது. உங்கள் மகன் அழுதுகொண்டிருந்தவர் என் குரலைக் கேட்டுச் சிரித்தேவிட்டார். சிரிக்கட்டும், நீங்களும் சிரித்திருப்பீர்கள். என் வரியை நான் கடைசிவரை பாடினேன். அண்ணன் அடுத்த வரியை வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து எனக்கு வெட்கம் விட்டுப்போயிற்று. இப்போது அண்ணன் போன் செய்தால் ஹலோ என்று சொல்வதில்லை, அவர் வரியைப் பாடுகிறார். நான் என் வரியைப் பாடி முடித்துவிட்டுத்தான், "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறேன்.